வலைக்கு இந்தப் பக்கம்

அவளுடைய அப்பாவுக்குப் பெரியப்பா முறை ஒருவர், கல்யாண விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளின் காதைக் கடித்துத் துப்பியவர். ஏன் என்று கேட்டதற்கு, அந்த ஆள் மெல்லுகிற சத்தம் பிடிக்கவில்லை என்றாராம். அவருடைய தம்பி, அதாவது இவளுடைய தாத்தா, தட்டியும் யாரும் வந்து திறக்கவில்லை என்று சொந்த வீட்டுக் கதவையே கோடாலியால் பிளந்து அடுப்பில் வைத்தவர். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்கக் குடும்பம் கதவில்லாமல்தான் நடந்தது. அப்பா அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதையும் கையாலேயே முடித்துக்கொள்வார். அம்மா வழியாவது ஆறுதலாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அம்மாவின் தங்கை ஒருத்தி, புருஷன் தூங்கும்போது மீசையில் நெருப்பு வைத்தாள். அவர் கடைசி வரை ஒரு பக்க மீசையோடுதான் திரிந்தார்.

இப்படி ரெண்டு பக்கத்து நெருப்பும் வந்து சேர்ந்த இடத்தில் பிறந்தவள். வீட்டில் வைத்த பெயர் நல்ல பெயர்தான். ஆனால் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அது எல்லாருக்கும் மறந்துபோய், இடி என்றே ஆகிவிட்டது.

அது பெரிய ஆஸ்பத்திரி. முன்வாசலில் நோயாளிகள் வருவார்கள், பின்வாசலில் அவர்கள் படுத்த துணியெல்லாம் மூட்டையாக வரும். ரத்தம், சீழ், வாந்தி, பிரசவத் தண்ணீர் எல்லாம் ஊறிய விரிப்புகள். மூட்டையை அவிழ்த்து உதறும்போது கத்தரிக்கோல் விழும், ஊசி விழும். ஒரு நாள் யாருடையதோ ஒரு கால் விரல் விழுந்தது. மற்ற பெண்கள் அலறிக்கொண்டு வெளியே ஓட, இடி அதை இடுக்கியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது யாரோட சாமான்? தேடிக்கிட்டு இருக்கப் போறாங்க, கொண்டுபோய்க் குடுங்கடி" என்றாள்.

அவளுக்கு இஸ்திரி உருளையில் வேலை. ஆள் நீளத்துக்கு இரண்டு இரும்பு உருளைகள், உள்ளே நீராவி கொதிக்கும். ஈர விரிப்பின் விளிம்பை நீட்டினால் உருளை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் காய வைத்துத் தள்ளும். சில நேரம் விரிப்பு கோணலாகப் போகும். கோணலைப் பார்த்ததும் கை தானாக இழுத்துச் சரிசெய்யப் போகும். அப்படிப் போன கை முழுசாகத் திரும்பி வராது. அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவள் நாலு விரலை உருளைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். கோணினால் கோணட்டும், விட்டுவிட வேண்டும். இதை இடிக்கு யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரும்பிடம் அவளுக்கு அவ்வளவு பொறுமை இருந்தது. மனுசரிடம்தான் இல்லை.

லாண்டரிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு டென்னிஸ் மைதானம் கிடந்தது. டாக்டர்கள் ஆடுவதற்காக ஒரு காலத்தில் போட்டது. அவர்கள் வேறு நல்ல மைதானம் பார்த்துப் போய்விட்டார்கள், பழைய மட்டைகளைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. துணி காயப்போட வந்த பெண்கள் முதலில் விளையாட்டாக அடித்துப் பார்த்தார்கள். பிறகு வேலை முடிந்த கையோடு நிஜமாகவே ஆட ஆரம்பித்தார்கள். கடைசியில் வருஷத்துக்கு ஒரு போட்டி என்று ஆகி, அதற்கு ஆண்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வருகிற அளவுக்குப் போய்விட்டது.

மைதானம் செம்மண் தரை. கோடு போட, கிழிந்த விரிப்புகளின் கரையை நீளமாக வெட்டி, இழுத்துப் பிடித்து ஆணி அடித்திருந்தார்கள். நடுவர் என்று யாரும் கிடையாது. பந்து யார் பக்கத்தில் விழுகிறதோ அவளேதான் உள்ளே, வெளியே என்று சொல்ல வேண்டும். எதிராளிக்குச் சந்தேகம் வந்தால், தடத்தைக் காட்டு என்று கேட்கலாம். பந்து விழுந்த இடத்தில் மண்ணில் ஒரு பள்ளம் தெரியும், அதை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ஆனால் கேட்டவள் வலையைத் தாண்டி வந்து பார்க்கக் கூடாது. தன் பக்கத்தில் நின்றபடி எட்டித்தான் பார்க்க வேண்டும். வலையைத் தாண்டுவதும், தடத்தைக் காலால் அழிப்பதும்தான் அங்கே பெரிய குற்றங்கள்.

இடிக்குக் கல்யாணம் ஆனதே அந்த மைதானத்தில்தான் என்று சொல்லலாம். ஈரத் துணி பிழிகிற இயந்திரத்தில் வேலை பார்த்த ஒருத்தி, இவளைவிடப் பெரியவள், கையும் காலும் தூண் மாதிரி. இரண்டு பேரும் ஜோடியாக ஆடினால் எதிரில் நிற்க யாரும் வரமாட்டார்கள். அந்தப் பெரியவள் ஒரு நாள் இடி அடித்த அடியில் பந்து வலையைக் கிழித்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்கு இப்படி ஒரு கை வேணும்டி, என் தம்பியைக் கட்டிக்க" என்று கேட்டாள். அப்படித்தான் அவள் நாத்தனார் ஆனாள். தம்பிக்கு அதே ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டுகிற வேலை. நல்ல மனுசன், ஆனால் மேலேயும் கீழேயும் போவாரே தவிர, பக்கவாட்டில் ஓர் அடி நகரமாட்டார். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்கச் சொன்னால் அங்கேயே நிற்பார்.

ஒரு பெண் பிறந்தது. நாத்தனாருக்குக் குழந்தை இல்லை. அதனால் அந்தப் பெண் பிறந்த நாளிலிருந்து அத்தை மடியில்தான் பாதி நேரம். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வருஷம் நடந்த போட்டியில் ஜோடிகளைப் பிரித்துத் தனித்தனியாக ஆடச் சொன்னார்கள். கடைசி ஆட்டத்தில் இடியும் நாத்தனாரும் எதிரெதிரே நின்றார்கள். முக்கியமான ஒரு பந்து. இடி அடித்தது கோட்டுத் துணியின் மேலேயே விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். நாத்தனார் "வெளியே" என்றாள்.

"தடத்தைக் காட்டுங்க அண்ணி."

"எந்தத் தடம்?" என்று நாத்தனார் காலை வைத்து இப்படியும் அப்படியும் ஒரு தேய் தேய்த்தாள். "இங்க ஒண்ணும் இல்லையே. உன் கண்ணை டாக்டர்கிட்ட காட்டு, போ."

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் இடி வலைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். எப்படித் தாண்டினாள் என்று கேட்டால் அங்கே நின்ற யாராலும் சொல்ல முடியவில்லை. மட்டையின் விளிம்பால் முதல் அடி வாயில் விழுந்தது. முன்பல் இரண்டும் மண்ணில் விழுந்தன. அடுத்தது காதில். மூன்றாவதற்கு மட்டை உடைந்துவிட்டது, அதற்கப்புறம் கைதான். நாத்தனாரின் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு, முகத்தைத் தரையில் வைத்து, "இந்தா தடம், இந்தா தடம்" என்று தேய்த்தாள். ஆறேழு பேர் சேர்ந்து பிய்த்து எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்ததால் ஸ்ட்ரெச்சர் மட்டும் சீக்கிரம் வந்தது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உடைந்த மட்டையைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு வந்தாள். உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. நுழைந்ததும் அதை எதிர்ச் சுவரில் வீசி அடித்தாள். சுவரில் பட்டது தெறித்து, அம்மா வந்துவிட்டாள் என்று ஓடி வந்த பெண்ணின் நெற்றியைக் கிழித்துவிட்டது. குழந்தை அழக்கூட இல்லை. கண்ணுக்குள் ரத்தம் இறங்க, அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றது.

லிப்ட்காரர் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்த் தையல் போட்டு, அப்படியே அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். இடி போய்க் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. தாத்தா மாதிரி கோடாலி எடுக்கத்தான் தோன்றியது. எடுக்கவில்லை, ஏனென்றால் கதவுக்கு அந்தப் பக்கம் பெண் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

அந்த வீட்டில் பெரியவர் மாமனார். லாண்டரிக்கு நீராவி கொடுக்கிற பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். இடி அவர் காலைப் பிடித்தாள், இனிமேல் கை நீட்டினால் என்னை வெட்டிப் போடுங்கள் என்றாள், பெண் மேல் சத்தியம் செய்ய வந்தாள்.

"பொண்ணு மேல சத்தியம் பண்ணாதே" என்றார் அவர். "பாய்லர்ல அழுத்தம் இல்லைன்னு ஆயிரம் பேர் வாயால சொல்லுவான். நான் முள்ளைப் பார்த்துட்டுதான் நம்புவேன். எந்த இடத்துல கை ஓங்கினியோ, அந்த இடத்துல, அதே ஆளுக்கு எதிர்ல ஒரு முழு ஆட்டம் ஆடு. தோத்துப் போ, ஜெயிச்சு வா, எனக்கு அதைப் பத்தி அக்கறை இல்லை. ஆட்டம் முடியற வரைக்கும் கையும் ஓங்கக் கூடாது, மட்டையையும் வீசக் கூடாது. அன்னைக்குப் பொண்ணைக் கூட்டிட்டுப் போ."

நாத்தனார் பல் இல்லாத வாயால் சிரித்தாள். "ரெண்டு கேம் தாங்கமாட்டா" என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் பல் கட்டி, காது ஆறி, அவள் மறுபடி மட்டையைத் தொட ரொம்ப காலம் ஆனது. அவசரப்பட அவளுக்கு என்ன இருக்கிறது? பெண் அவளிடம் இருந்தது.

இடி அந்த நாட்களைச் சும்மா கழிக்கவில்லை. கூட வேலை செய்கிற பெண்களைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கோஷ்டி சேர்த்தாள். அவர்களுக்கு வேலை திட்டுவது. சாயங்காலம் இவள் சுவரில் பந்து அடித்துப் பழகும்போது அவர்கள் வரிசையாக நின்று வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும். பெண்களுக்குக் கொண்டாட்டம். புருஷன் மேல் இருந்தது, மேஸ்திரி மேல் இருந்தது, எல்லாவற்றையும் இவள் தலையில் கொட்டினார்கள்.

"ஏய், உருளைக்குப் பொறந்தவளே!"

"உன் மூஞ்சியைப் பார்த்தா பந்தே வெளியே ஓடுதுடி!"

"அதுவாவது ஓடுது. அவ புருஷன் லிப்ட்டுக்குள்ளேயே ஒளிஞ்சுக்கிட்டான்!"

முதல் வாரம் இரண்டு பேரைத் துரத்திக்கொண்டு ஓடினாள். ஒருத்தி சோடா உப்புத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து, "நீதானேடி திட்டச் சொன்னே!" என்று கத்தினாள். இரண்டாம் மாதம் துரத்துவது நின்றது. ஆனால் மூட்டைத் தள்ளுவண்டி தள்ளுகிற ஒருத்தி இருந்தாள், மூட்டைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் திட்டமாட்டாள், பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "உன் பொண்ணு நேத்து அத்தையை அம்மான்னு கூப்பிட்டுச்சாம்."

பந்து சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அதை அடிக்க அங்கே ஆள் இல்லை. இடியின் கை மூட்டைக்காரியின் கழுத்தில் இருந்தது, கட்டைவிரல் குரல்வளையில். மற்றவர்கள் வருவதற்குள் அவளாகவே கையை எடுத்துவிட்டாள். மூட்டைக்காரி இருமிக்கொண்டே, "பொய்தான்டி, சும்மா சொன்னேன்" என்றாள்.

"பொய்யோ நெசமோ, தினமும் அதையே சொல்லு" என்றாள் இடி.

அப்படித் தினமும் கேட்டுக் கேட்டு அவள் கண்டுபிடித்த ஒன்று உண்டு. கோபம் வராமல் இருக்க அவளால் முடியாது. அது ரத்தத்தில் வந்தது, காதைக் கடித்த, அப்பாவின் பெரியப்பாவிலிருந்து வருகிறது. மனசுக்குள் அது என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். கை மட்டும் அதற்குப் பின்னால் போகக் கூடாது. கோணிக்கொண்டு போகிற விரிப்பைப் பார்த்துக்கொண்டே கையை எடுத்துவிடுகிற மாதிரி. ஒவ்வொரு பந்து முடிந்ததும் எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மட்டையை இரண்டு விரலில் தொங்க விட்டு, "விடு" என்று ஒரு தடவை உதட்டால் சொல்லிக்கொள்வாள். பிறகுதான் அடுத்த பந்து.

மூன்று வருஷம் கழித்து அந்தப் போட்டி வந்தது. மதில் மேல், தொட்டி மேல், துணி காயப்போடும் கம்பிகளுக்கு நடுவில் என்று எங்கே பார்த்தாலும் ஆட்கள். சமையலறையிலிருந்து வந்தார்கள், பிணவறையிலிருந்துகூட ஒருத்தர் வந்திருந்தார். "எனக்கு ஆள் கிடைக்குமான்னு பார்க்க வந்தேன்" என்றார் அவர். மாமனார் ஒரு ஸ்டூலில் வலைக்கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். லிப்ட்காரர் அவருக்குப் பின்னால், அவர் கையைப் பிடித்தபடி பெண். பெண் வளர்ந்திருந்தது. நெற்றியில் புருவத்துக்கு மேல் வெள்ளையாக ஒரு கோடு. இடி அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், அதற்கப்புறம் பார்க்கவில்லை.

நாத்தனார் முதல் பந்திலேயே யுத்தத்தை ஆரம்பித்தாள். பந்தை இடம் பார்த்து அடிக்கவில்லை, ஆள் பார்த்து அடித்தாள். வலைக்குப் பக்கத்தில் இடி வந்தபோது நெஞ்சுக்கு ஒன்று. அடுத்தது தோளில். மூன்றாவது முகத்தில் பட்டு உதடு கிழிந்தது. இடி ரத்தத்தைத் துப்பிவிட்டுத் திரும்பி நின்றாள். விடு.

"என்னடி முதுகைக் காட்டறே? அழறியா?"

விடு.

உள்ளே அவள் நாத்தனாரைக் கொன்றுகொண்டேதான் இருந்தாள். அதை மறைக்க வேண்டியதில்லை. முதல் கேமில் அவளைத் துணி பிழியும் இயந்திரத்தில் போட்டு மூடியைச் சாத்தினாள். இரண்டாவதில் கொதிக்கிற சோடாத் தண்ணீரில் தலைகீழாக இறக்கினாள். மூன்றாவதில் கட்டிய பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள், அவசரமே படாமல். மனசு அந்த வேலையில் மும்முரமாக இருந்ததால் கைக்கு நிம்மதி. அது பாட்டுக்கு ஆடியது. முதல் செட்டை இடி ஜெயித்தாள்.

ஜெயித்ததும் நாத்தனாருக்குப் பயம் வந்துவிட்டது. கோட்டில் விழுந்ததையெல்லாம் வெளியே என்றாள். "தடம்" என்று இடி கேட்டால், காலால் தேய்த்துவிட்டு, "வா, தாண்டி வா, வந்து பாரு" என்று கையால் கூப்பிட்டாள். கூட்டம் கொந்தளித்தது. இடியின் கோஷ்டிப் பெண்கள், பழகிய வாய் சும்மா இருக்குமா, இப்போது நாத்தனாரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கல்லை எடுத்து வீசினாள். பதிலுக்கு நாத்தனார் பக்கத்து ஆட்கள் சோப்புக் கட்டியை வீசினார்கள். கம்பிகளுக்கு நடுவில் இரண்டு ஆண்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். மொத்த மைதானத்திலும் வலைக்கு இந்தப் பக்கம் நின்றவள் மட்டும்தான் யாரையும் அடிக்காமல் இருந்தாள்.

இரண்டாவது செட் நாத்தனாருக்குப் போனது. மூன்றாவதில் இடியின் கால் இடறி, ஆணி அடித்த கோட்டுத் துணியில் சிக்கி, முழங்கால் தரையில் உரசித் தோல் உரிந்தது. எழுந்திருக்க நேரமாயிற்று. நாத்தனார் வலை வரைக்கும் நடந்து வந்தாள். இவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"உனக்குத் தெரியாதே. உன் பொண்ணு தூங்கும்போது ஒரு கையால நெத்தியை மூடிக்கிட்டுதான் தூங்கும். இன்னைக்கும் அப்படித்தான். நான் எடுத்து விட்டா மறுபடி கொண்டுபோய் வெச்சுக்கும்."

இதை யாரும் அவளுக்குச் சொல்லிப் பழக்கவில்லை. மூட்டைக்காரி சொன்னது பொய் என்று உள்ளுக்குள் தெரியும், இது பொய்யில்லை என்று கேட்டவுடனேயே தெரிந்தது. யாராலும் இட்டுக்கட்டிச் சொல்ல முடியாத விஷயம். இடியின் காதுக்குள் ஒரு இரைச்சல். எதிரில் இருக்கிற முகம் மட்டும் கிட்டத்தில் தெரிந்தது, கட்டிய பல், அதற்குக் கீழே தாடை. கை மட்டையை விளிம்பு மேலாகத் திருப்பிப் பிடித்துவிட்டது. அவளுக்கே தெரிந்தது.

மாமனார் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

அவள் மனசுக்குள் கொல்லப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. கொல்வதற்கு அங்கே நாத்தனார் இல்லை. கையை நெற்றியில் வைத்துத் தூங்குகிற பெண்தான் இருந்தாள், சுவரில் மட்டையை வீசுகிற ஒருத்தியும் இருந்தாள். அவள் கொல்ல நினைத்த ஆள் அந்த இரண்டாமவள். அவளை எப்படி அடிப்பது? இடி குனிந்து, உரிந்த முழங்காலில் ஒட்டிய மண்ணைக் கையால் அழுத்தித் துடைத்தாள். வலி உச்சிக்கு ஏறியது. நிமிர்ந்தாள்.

"எந்தக் கை அண்ணி?" என்று கேட்டாள்.

நாத்தனார் திகைத்துப் போனாள். "என்ன?"

"எந்தக் கையை வெச்சுக்குவா?"

"இடது" என்று நாத்தனார் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. காறித் துப்பிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அதற்கப்புறம் ஆட்டம் கொலைவெறிதான். நாத்தனார் ஒவ்வொரு பந்தையும் உறுமிக்கொண்டு அடித்தாள். இன்னும் ஒரு பந்து எடுத்தால் ஜெயம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். கடைசிப் பந்தை அவள் மூலைக்கு அடித்தாள். இடி ஓடினாள், எட்டவில்லை. பந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்து எகிறிச் சுவரில் மோதியது.

விழுந்தது இடியின் பக்கம். சொல்ல வேண்டியவள் இடி. அவள் போய்த் தடத்தைப் பார்த்தாள். பள்ளத்தில் பாதி மண்ணில், பாதி துணியில். உள்ளே.

"அழிடி!" என்று அவள் கோஷ்டி கத்தியது. "காலை வைடி! அவ எத்தனை அழிச்சா!"

"வெளியேன்னு சொல்லு! இன்னும் ஆடலாம்!"

இடி குனிந்து தடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "உள்ளே" என்றாள். "ஆட்டம் உங்களோடது அண்ணி."

சொல்லி முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க நினைத்தாள், முடியவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது. கை ஓங்கவில்லை. பெண் வீட்டுக்கு வருகிறாள். கிழிந்த உதட்டோடு, ரத்தம் பூசிய பல்லோடு, வாய் கொள்ளாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவள் செய்த தப்பு.

நாத்தனார் அப்போதுதான் கணக்கைப் பார்த்தாள். ஜெயித்த பந்தாலேயே பெண்ணைத் தோற்றுவிட்டாள். அவள் தொண்டையிலிருந்து வந்தது மனுசக் குரல் மாதிரியே இல்லை. இந்தத் தடவை வலையைத் தாண்டியது அவள். கால் தட்டி வலை கம்பத்தோடு சாய்ந்தது. மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து இடியின் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் மதில் மேல் இருந்தவர்களுக்கும் கேட்டது. அடுத்தது தலையில். "சிரிக்கிறியாடி? என்கிட்டேருந்து பிடுங்கிட்டுச் சிரிக்கிறியா?"

"ஆட்டம் முடிஞ்சிருச்சுடி!" என்று மூட்டைக்காரி கத்தினாள். "இனிமே அடிக்கலாம்! அடிடி அவளை!"

அது உண்மைதான். மாமனார் சொன்ன வார்த்தை ஆட்டம் முடிகிற வரைக்கும்தான். இடி மட்டையைக் கீழே போட்டாள். நல்ல கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்புத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது அடிக்கு முழங்காலில் விழுந்தாள். அப்போதும் கையை எடுக்கவில்லை.

மேலேயும் கீழேயும் மட்டுமே போகத் தெரிந்த லிப்ட்காரர் அன்றைக்குத்தான் குறுக்கே ஓடினார். ஆனால் அவர் கையிலிருந்து நழுவிய பெண் அவருக்கு முன்னால் போய்விட்டது. ஓடிப் போய் அத்தையின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டது.

"அத்தை, போதும் அத்தை. வேணாம் அத்தை."

ஓங்கிய மட்டை மேலேயே நின்றது. நாத்தனார் தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தாள். பெண் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதது. கையெட்டும் தூரத்தில் ரத்தம் வடிய உட்கார்ந்திருந்த அம்மாவை அது பார்க்கவில்லை.

வாங்கின அடியெல்லாம் ஒன்றுமில்லை, இதுதான் அடி. இடியின் நல்ல கை இடுப்புத் துணியை விட்டு, பெண்ணின் தோளை நோக்கி நீண்டது. பிடித்து ஒரு இழு இழுத்தால் வந்துவிடும். அவளுடைய பெண். அவளுக்குச் சேர வேண்டியவள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை பாதி வழியில் நின்று, திரும்பி வந்து மடியில் விழுந்தது.

மாமனார் பக்கத்தில் வந்து நின்றார். "நான் சொன்ன வார்த்தை மாறாது" என்றார் மகளிடம். "பொண்ணு அவ வீட்டுக்குப் போகும்."

நாத்தனார் தலையாட்டினாள். அடித்துக் களைத்த கையால் பெண்ணின் தலையைத் தடவிக்கொண்டே, இடியைப் பார்க்காமல், உறுமுகிற மாதிரி பேச ஆரம்பித்தாள்.

"பால்ல ஆடை மிதந்தா குடிக்கமாட்டா. வடிகட்டிக் குடு."

"சரி அண்ணி."

"தலை சீவும்போது பின்பக்கமிருந்து ஆரம்பி. முன்னால சீப்பைக் கொண்டுபோனா கண்ணை மூடிக்கிட்டு விறைச்சுப் போயிடுவா. யாரால அப்படின்னு உனக்கே தெரியும்."

"தெரியும்."

"எட்டாம் வாய்ப்பாடு வராது. திட்டினா ஏழும் மறந்துடும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவ மேல உன் நகம் பட்டுச்சுன்னு கேள்விப்பட்டேன், உன் வீட்டுச் சுவரை இடிச்சுட்டு உள்ளே வருவேன். தோள்பட்டையோட நிறுத்தமாட்டேன்."

"வாங்க."

ஸ்ட்ரெச்சர்காரர்கள் வந்துவிட்டார்கள். யாரை ஏற்றுவது என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இடி அவர்களைக் கண்ணால் நிறுத்தினாள். தொங்கிக்கொண்டிருந்த கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ரத்தம் கண்ணில் இறங்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டு, மண்ணில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து கிட்டத்தில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள். "சொல்லுங்க அண்ணி. ஒண்ணு விடாம சொல்லுங்க."